தில்லியில் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

தமிழ்நாட்டிலிருந்து வடக்கே சுற்றுலா போகும் குடும்பங்களின் பயணத் திட்டத்தில் தில்லிக்குக் கிடைப்பது ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். ஆக்ராவுக்கோ ஹரித்துவாருக்கோ போகிற வழியில் அது ஒரு நிறுத்தம், அவ்வளவுதான். அந்த ஒரு நாளுக்குள் செங்கோட்டை, ராஜ்காட், இந்தியா கேட், குதுப் மினார், தாமரைக் கோயில், பிர்லா மந்திர், அக்ஷர்தாம் என்று ஏழெட்டு இடங்களைத் திணித்துவிடுகிறார்கள். வேனில் உட்கார்ந்திருக்கும் நேரம், சோதனை வரிசையில் நிற்கும் நேரம், ஆட்களை எண்ணிச் சேர்க்கும் நேரம் எல்லாம் போக ஒரு கட்டடத்துக்கு அரை மணி மிஞ்சினால் பெரிது. எல்லாவற்றையும் பார்த்தாயிற்று என்று ஊர் திரும்புகிறவர்களிடம், எந்தக் கட்டடத்துக்குள் என்ன இருந்தது என்று கேட்டால் பதில் வருவதில்லை.

ஆகவே எதைப் பார்ப்பது என்பதோடு எதை விடுவது என்பதையும் முடிவு செய்தாக வேண்டும். புகழை வைத்து முடிவு செய்வதுதான் வழக்கம். பாடப்புத்தகத்தில் படம் வந்தது, ரூபாய் நோட்டில் அச்சானது, சுதந்திர தினத்தன்று தொலைக்காட்சியில் தெரிந்தது என்பவையெல்லாம் காரணங்களாகிவிடுகின்றன. தில்லியைப் பொறுத்தவரை இந்த அளவுகோல் சரிப்படாது. அந்த நகரத்தில் பெயர் பெரிதாக இருக்கும் இடங்களில் சில, கட்டடம் என்ற வகையில் பெரும்பகுதியை இழந்தவை. பெயர் சிறிதாக இருக்கும் இடங்களில் சில முழுமையாக நிற்கின்றன.

கட்டடம் பார்க்கவென்றே போகிறவர்கள் மூன்று விஷயங்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. கட்டியவர்கள் கட்டியதில் இன்று எவ்வளவு மிச்சம் இருக்கிறது? உள்ளே போய் நிற்க முடியுமா, வெளியே நின்று படம்தான் எடுக்க முடியுமா? ஒன்றைப் பார்த்தபின் அடுத்ததைப் பார்த்தால் முதலாவது கூடுதலாகப் புரிகிறதா? இந்த மூன்றாவது கேள்விதான் முக்கியம். தில்லியின் கட்டடங்களை ஒன்றோடொன்று இணைக்கும் சரடு ஒன்று இருக்கிறது. தலைக்கு மேலே கல்லை எப்படி நிறுத்துவது என்ற ஒரே சிக்கலுக்கு 800 ஆண்டுகளாக அந்த ஊரில் விடை தேடியிருக்கிறார்கள். அந்தச் சரட்டைப் பிடித்துக்கொண்டால் தேர்வு தானாகவே எளிதாகிவிடும்.

குதுப் வளாகம்: தொடங்க வேண்டிய இடம்

குதுப் மினார் என்றதும் கோபுரம்தான் நினைவுக்கு வருகிறது. 72.5 மீட்டர் உயரம், 379 படிகள், ஐந்து அடுக்குகள். 1199-ஐ ஒட்டிக் குத்புதீன் ஐபக் தொடங்கியதை அவருடைய மருமகன் இல்துமிஷ் தொடர்ந்தார். 14-ஆம் நூற்றாண்டில் இடி விழுந்து மேலடுக்கு சேதமானபோது பிரோஸ் ஷா துக்ளக் அந்த இடத்தில் சலவைக்கல்லும் செம்மணற்கல்லும் கலந்து இரண்டு அடுக்குகளைக் கட்டினார். நிறம் மாறுவதைக் கீழிருந்தே பார்க்கலாம். ஆனால் உள்ளே ஏற முடியாது. 1981 டிசம்பரில் படிக்கட்டில் ஏற்பட்ட நெரிசலில் 45 பேர், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள், இறந்தார்கள். அன்றிலிருந்து பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே கோபுரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதென்றால் கால் மணி போதும்.

இரண்டு மணி நேரம் ஒதுக்கச் சொல்வதற்குக் காரணம் கோபுரத்தின் காலடியில் இருக்கிறது. குவ்வத்துல் இஸ்லாம் மசூதியின் மண்டபத்தில் நிற்கும் தூண்கள் 27 கோயில்களிலிருந்து எடுத்து வந்தவை என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. சங்கிலியில் தொங்கும் மணி, பூரண கும்பம், இலைக்கொத்து எல்லாம் தூண்களில் அப்படியே இருக்கின்றன. உருவங்களின் முகங்கள் சிதைக்கப்பட்டிருக்கின்றன. உயரம் போதாத இடங்களில் ஒரு தூணின் மேல் இன்னொரு தூணை ஏற்றி வைத்திருக்கிறார்கள். வெற்றியும் இழப்பும் ஒரே கல்லில் பதிந்திருக்கும் இடம் அது. இரண்டையும் மறைக்காமல் பார்க்க வேண்டும். முற்றத்தில் நிற்கும் 7 மீட்டருக்குச் சற்று அதிகமான இரும்புத் தூண், மசூதிக்கு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் மூத்தது. இரும்பில் பாஸ்பரஸ் மிகுந்திருப்பதால் மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலம் உருவாகி, துரு உள்ளே இறங்காமல் தடுக்கிறது.

அந்தத் தூணுக்குப் பின்னால் உயரமாக எழும் கல் திரையை நெருங்கிப் பாருங்கள். தூரத்திலிருந்து கூர்முனை வளைவுகளாகத் தெரியும். பக்கத்தில் போனால் கல் வரிசைகள் எல்லாம் கிடைமட்டமாக ஓடுவது புலப்படும். ஒவ்வொரு வரிசையையும் கீழ் வரிசையைவிடச் சற்று முன்னே நீட்டி நீட்டி, இரண்டு பக்கமும் நடுவில் வந்து முட்டும்வரை அடுக்கியிருக்கிறார்கள். தமிழ்நாட்டுக்காரருக்கு இந்த வித்தை புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உட்கூடு மேலே போகப் போகச் சுருங்குவது இதே முறையில்தான். மத்திய ஆசியாவிலிருந்து வந்த ஆட்சியாளர்கள் வளைவு கேட்டார்கள். உள்ளூர்க் கல்தச்சர்கள் தங்களுக்குத் தெரிந்த முறையில் அதன் வடிவத்தைச் செதுக்கிக் கொடுத்தார்கள்.

உண்மையான வளைவில் கற்கள் ஆப்பு வடிவில் வெட்டப்பட்டு விசிறிபோல விரியும். ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டு எடையைப் பக்கவாட்டில் தள்ளும். அதைக் கற்றுக்கொண்ட வரலாற்றைச் சில நூறு மீட்டர் நடையில் பார்த்துவிடலாம். 1235-ஐ ஒட்டிய இல்துமிஷ் கல்லறையில், சதுர அறையை எண்கோணமாக்க நான்கு மூலைகளிலும் வளைவு வைக்க முயன்றிருக்கிறார்கள். இன்று மேலே கூரை இல்லை, வானம்தான் தெரிகிறது. பக்கத்திலுள்ள மெஹ்ரோலி தொல்லியல் பூங்காவில் 1287-ஐ ஒட்டிய பால்பன் கல்லறை சிதைந்து கிடக்கிறது. ஆனால் அதன் வாசலில் விசிறிபோல விரியும் கற்களைப் பார்க்கலாம். இந்தியாவில் இன்று எஞ்சியிருக்கும் முதல் உண்மையான வளைவு என்று அறிஞர்கள் அதைக் குறிப்பிடுகிறார்கள். பிறகு 1311-இல் அலாவுதீன் கில்ஜி கட்டிய அலாய் தர்வாஜா. செம்மணற்கல்லும் வெண்சலவைக்கல்லும் கலந்த அந்த வாயில் மண்டபத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தால், நான்கு மூலைகளிலும் அடுக்கடுக்கான வளைவுகள் சதுரத்தை எண்கோணமாக்கி அதன் மேல் வட்டக் குவிமாடத்தை உட்கார வைத்திருப்பது தெளிவாகத் தெரியும். அது இன்றுவரை விழவில்லை. முயற்சி, தடுமாற்றம், தேர்ச்சி மூன்றும் இத்தனை நெருக்கத்தில் அடுத்தடுத்து நிற்கும் இடம் இந்தியாவில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

வளாகம் பெரும்பாலும் சமதளம். முட்டி வலியுள்ள பெரியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கும் இது ஏற்ற இடம்.

ஹுமாயூன் கல்லறை: ஒன்றே ஒன்று என்றால்

தில்லியில் ஒரே ஒரு கட்டடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் தயங்காமல் சொல்வது ஹுமாயூன் கல்லறையைத்தான். மேலே சொன்ன மூன்று கேள்விகளுக்கும் முழு விடை தரும் இடம் அது.

ஹுமாயூன் 1556-இல் பழைய கோட்டையிலிருந்த தம் நூலகப் படிகளில் விழுந்து இறந்தார். ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு தொடங்கிய கல்லறைப் பணி 1570-களின் தொடக்கத்தில் முடிந்தது. வடிவமைத்தவர் பாரசீகக் கட்டடக் கலைஞர் மீராக் மிர்ஸா கியாஸ். நீர்க்கால்களால் நான்காகப் பகுக்கப்பட்ட தோட்டத்தின் நடுவில், உயர்ந்த மேடைமேல் கட்டடம். இந்தியத் துணைக்கண்டத்தில் இந்த அமைப்பில் எழுந்த முதல் பெரிய தோட்டக் கல்லறை இதுதான். உயரம் 47 மீட்டர். தாஜ் மஹாலின் வேலை தொடங்கியது 1632-இல், அதாவது ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து.

குதுப் வளாகத்தில் பிடித்த சரடு இங்கே அடுத்த கட்டத்துக்குப் போகிறது. வெளியிலிருந்து பார்க்கக் குவிமாடம் மிக உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தோட்டத்தின் அகலத்துக்கு ஈடுகொடுக்காது. அந்த உயரம் அப்படியே உள்ளே இருந்தால் அறை கிணறுபோல ஆகிவிடும். இதற்குத் தீர்வு, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குவிமாடங்கள். வெளியே இருப்பது தொலைவுக்கு, உள்ளே இருப்பது அறைக்கு. லோதி தோட்டத்திலுள்ள சிக்கந்தர் லோதி கல்லறையிலேயே இதன் முன்முயற்சி உண்டு. ஆனால் அது முழு அழகோடு விளங்கியது இங்கேதான். மேற்கு வாயிலைக் கடந்து நடக்கும்போது வெண்குவிமாடம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உள்ளறையில் நின்று மேலே பாருங்கள். இரண்டும் ஒரே குவிமாடம் அல்ல என்பது சொல்லாமலே விளங்கும்.

உள்ளறையில் அலங்காரம் மிகக் குறைவு. நடுவில் வெண்சலவைக்கல்லில் ஒரே ஒரு நினைவுப் பீடம். உடல் புதைக்கப்பட்டது நிலமட்டத்தில், அதற்கு நேர் கீழே. மேற்குப் பக்கத்துச் சலவைக்கல் சல்லடைச் சாளரத்தில் மிஹ்ராப் வடிவம் கோடாக வரையப்பட்டிருக்கிறது. மசூதிகளில் அடைத்த மாடமாக இருக்கும் அந்த வடிவத்தின் வழியே இங்கே வெளிச்சம் வருகிறது. மாலை வெயிலில் சல்லடையின் நிழல் தரையில் விழுவதைப் பார்க்க நேரம் வைத்துக்கொண்டு போவது நல்லது.

இந்த இடத்துக்கு வரலாற்றின் சுமையும் உண்டு. 1857 செப்டம்பரில் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாபர் அடைக்கலம் புகுந்து, பின் ஆங்கிலேயரிடம் பிடிபட்டது இங்கேதான். 1947-இல் பிரிவினை அகதிகளின் முகாம் இந்தத் தோட்டத்தில் இருந்தது. அதன்பின் பல காலம் பராமரிப்புக் குன்றிக் கிடந்ததை, ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளையும் இந்தியத் தொல்லியல் துறையும் சேர்ந்து முதலில் தோட்டத்தையும் பிறகு கட்டடத்தையும் மீட்டன. கூரைமேல் பிற்காலத்தில் கொட்டியிருந்த சுமார் 10 லட்சம் கிலோ சிமென்ட் கான்கிரீட்டைக் கைக்கருவிகளால் பெயர்த்தெடுத்து, பழைய முறைப்படி சுண்ணாம்புக் காரை பூசினார்கள். வளாகத்தை ஒட்டி நிலத்தடியில் 2024-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் இந்தக் கதையை விளக்குகிறது. தாஜ் மஹாலுக்கு முந்தின நாள் இதைப் பார்த்தவர்கள், ஆக்ராவில் எது தொடர்ச்சி, எது புதுமை என்று பிரித்தறிய முடியும். மேடைக்கு ஏறும் படிகள் செங்குத்தானவை என்பதைப் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

செங்கோட்டை: கட்டடத்துக்காகவா, வரலாற்றுக்காகவா?

செங்கோட்டையை இரண்டாம் இடத்துக்குத் தள்ளுவது பலருக்கு ஏற்காது. பிரதமர் கொடியேற்றும் இடத்தைப் பார்க்காமல் திரும்புவதா என்று கேட்பார்கள். அந்த உணர்வை நான் மதிக்கிறேன். ஆனால் ஷாஜஹான் 1648-இல் கட்டி முடித்த அரண்மனை நகரத்தில் இன்று நாம் பார்ப்பது சிறு பகுதியே. 1739-இல் நாதிர் ஷா மயிலாசனத்தைக் கொண்டுபோனார். 1857 கிளர்ச்சியை அடக்கியபின் ஆங்கிலேயர் உள்ளேயிருந்த அரண்மனைக் கட்டடங்களில் பெரும்பகுதியை இடித்துவிட்டுப் படைவீரர் குடியிருப்புகளைக் கட்டினார்கள். மாடங்களையும் முற்றங்களையும் இணைத்த சுவர்கள் போய்விட்டதால், திவான்-இ-ஆம், ரங் மஹால், திவான்-இ-காஸ் முதலியவை புல்வெளியில் தனித்தனியாக நிற்கின்றன. மதிலை ஒட்டி ஓடிய யமுனை விலகிப்போய், அங்கே சாலை ஓடுகிறது. மதிலும் லாகூர் வாயிலும் காட்டும் பிரமாண்டத்துக்கு ஈடானதை உள்ளே எதிர்பார்த்தால் ஏமாற்றம் வரும்.

வரலாற்றுக்காகப் போகிறவர்களுக்கு அது வேறு இடம். பகதூர் ஷாவை 1858-இல் விசாரித்தது இங்கே. 1945 நவம்பரில் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் மீதான வழக்கு தொடங்கியதும் இங்கே. மலேயாவின் தோட்டங்களிலிருந்து அந்த ராணுவத்தில் பெருமளவில் சேர்ந்தவர்கள் தமிழர்கள். நேதாஜியோடு நின்ற தாத்தாவோ பாட்டியோ உள்ள குடும்பத்துக்கு, கட்டடக்கலை அளவுகோல் எதுவும் இங்கே தேவையில்லை. போயே ஆக வேண்டும். மற்றவர்கள் எதிரேயுள்ள ஜும்மா மசூதியைத் தேர்ந்தெடுக்கலாம். அதே ஷாஜஹான் 1656-இல் முடித்தது, ஏறத்தாழ முழுமையாக இருக்கிறது. மூன்று குவிமாடங்கள், 40 மீட்டர் உயர மினார்கள் இரண்டு, பல்லாயிரம் பேர் கூடும் முற்றம். தொழுகை நேரம் தவிர மற்ற நேரத்தில் எல்லோரும் போகலாம். உடையிலும் நடத்தையிலும் வழிபாட்டிடத்துக்குரிய மரியாதை வேண்டும்.

புது தில்லியும் புதிய கோயில்களும்

1911-இல் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து மாற்றுவதாக அறிவித்தபின் எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்ததுதான் 340 அறைகள் கொண்ட இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகை. குவிமாடத்தின் அடியில் சாஞ்சி ஸ்தூபியின் வேலியைக் காணலாம். உள்ளே போக இணையத்தில் முன்பதிவு தேவை. முன்பதிவு கிடைக்காவிட்டாலும் ஒன்றைச் செய்யலாம். இந்தியா கேட்டிலிருந்து கடமைப் பாதையில் மேற்கே நடந்தால், தொலைவில் முழுதாகத் தெரியும் குவிமாடம் விஜய் சௌக்கை நெருங்கும்போது மேட்டுக்குப் பின்னால் மெல்ல மறையத் தொடங்கும். தலைமைச் செயலகக் கட்டடங்களை வடிவமைத்த ஹெர்பர்ட் பேக்கரோடு லட்யன்ஸ் பகைத்துக்கொண்டது இந்தச் சரிவைப் பற்றித்தான்.

தாமரைக் கோயிலையும் அக்ஷர்தாமையும் ஒரே மாலையில் வைப்பது பயண ஏற்பாட்டாளர்களின் வழக்கம். இரண்டும் எதிரெதிரான வழிகள். 1986-இல் திறந்த தாமரைக் கோயில் பஹாய் சமயத்தாருடையது. ஈரானில் பிறந்த ஃபரிபோர்ஸ் சாஹ்பா வடிவமைத்தது. கிரேக்கச் சலவைக்கல் போர்த்திய 27 கான்கிரீட் இதழ்கள், ஒன்பது பக்கங்கள். கட்டியது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எல் அண்ட் டி-யின் கட்டுமானப் பிரிவு. நடுக்கூடத்தில் ஒரு தூண்கூடக் கிடையாது. மேலே இதழ்கள் சேரும் இடத்திலிருந்து வெளிச்சம் இறங்குகிறது. வளைவும் குவிமாடமும் தேடிய விடைக்குக் கான்கிரீட் ஓடு தந்த பதில் இது. நம் சரட்டின் கடைசி முடிச்சும் இதுதான்.

2005-இல் திறந்த அக்ஷர்தாம் இளஞ்சிவப்பு மணற்கல்லையும் இத்தாலியச் சலவைக்கல்லையும் இரும்புச் சட்டமில்லாமல் அடுக்கிய பெருஞ்செதுக்கல். இன்றும் இத்தனை கல்தச்சர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள் என்பதற்கு அது சான்று. பக்திக்காகப் போகிறவர்கள் அவசியம் போகட்டும். கட்டடக்கலைக்காக மட்டும் என்றால், மதுரையும் தஞ்சையும் பார்த்து வளர்ந்தவருக்கு அங்கே செலவாகும் அரை நாளை வேறு இடத்தில் செலவிடுவது நல்லது. கைபேசிக்கும் கேமராவுக்கும் அங்கே அனுமதியில்லை.

குழந்தைகள் உடன் வந்தால் ஜந்தர் மந்தரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜெய்ப்பூர் மன்னர் இரண்டாம் சவாய் ஜெய்சிங் 1724-ஐ ஒட்டி அமைத்த வானாய்வுக்கூடம் அது. மாபெரும் சூரியக் கடிகாரத்தில் நிழல் நகர்வதைப் பிள்ளைகள் கண்ணெதிரே பார்க்கலாம். கட்டணமில்லாமல் சற்று உட்கார வேண்டுமென்றால் லோதி தோட்டம். பக்கத்திலேயே 1754-இன் சஃப்தர்ஜங் கல்லறை. ஹுமாயூன் கல்லறையின் வடிவம் இரு நூற்றாண்டுகளில் எப்படி மெலிந்து உயர்ந்தது என்பதை அங்கே காணலாம்.

கிழமை, பாதை, நேரம்

திட்டம் போடும்போது முதலில் கிழமையைப் பாருங்கள். திங்களன்று செங்கோட்டை, தாமரைக் கோயில், அக்ஷர்தாம் மூன்றும் மூடியிருக்கும். குதுப் வளாகமும் ஹுமாயூன் கல்லறையும் எல்லா நாளும் திறந்திருக்கும். வெள்ளிக்கிழமை தாஜ் மஹாலுக்கு விடுமுறை. சுதந்திர தினத்தை ஒட்டிய நாட்களில் பாதுகாப்புக்காகச் செங்கோட்டையை மூடிவிடுவார்கள். டிசம்பர், ஜனவரியில் மூடுபனியால் ரயில்கள் தாமதமாகும். மே, ஜூனில் வெயில் தாங்காது. அக்டோபரும் பிப்ரவரி, மார்ச்சும் ஏற்றவை.

வேனைவிட மெட்ரோ நல்லது. மஞ்சள் தடத்தில் குதுப் மினார் நிலையம். ஊதா தடத்தில் லால் கிலா, ஜாமா மசூதி, ஹுமாயூன் கல்லறைக்கு அருகிலுள்ள ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம், தாமரைக் கோயிலுக்கான கால்காஜி மந்திர் ஆகியவை வரிசையாக வருகின்றன. இரு தடங்களும் சென்ட்ரல் செக்ரடேரியட்டில் சந்திக்கின்றன. கன்னியாகுமரியிலிருந்து திருக்குறள் எக்ஸ்பிரஸில் வருகிறவர்கள் இறங்கும் ஹஸ்ரத் நிஜாமுதீன் நிலையத்துக்கு ஹுமாயூன் கல்லறை மிக அருகில். ரயிலுக்கு அரை நாள் இருந்தால் அதுவே போதும்.

ஒரு நாள் இருந்தால் காலையில் வெயில் ஏறுமுன் குதுப் வளாகம், நடுப்பகலில் தாமரைக் கோயில், மாலையில் ஹுமாயூன் கல்லறை. இந்த மூன்றுக்கு மேல் எதையும் சேர்க்க வேண்டாம். இரண்டு நாள் இருந்தால் இரண்டாம் நாளைப் பழைய தில்லிக்குக் கொடுங்கள்: ஜும்மா மசூதி, விருப்பமிருந்தால் செங்கோட்டை, மாலையில் கடமைப் பாதையில் ஒரு நடை.

பள்ளிச் சுற்றுலா நடத்தும் ஆசிரியர்களிடம் இதைச் சிறப்பாகக் கேட்டுக்கொள்கிறேன். நாற்பது பிள்ளைகளை எட்டு இடங்களுக்கு ஓட்டிச் செல்வதற்குப் பதிலாக, அலாய் தர்வாஜாவுக்குள் ஒரு மணி நேரம் உட்கார வைத்து, சதுரம் வட்டமாவதைத் தாளில் வரையச் சொல்லுங்கள். வகுப்பறைக் கரும்பலகையில் ஒரு வாரம் எடுக்கும் வடிவியல் பாடத்தை அந்தக் கல் ஒரு மணி நேரத்தில் நடத்திவிடும்.